எழுதுகிற கை வர வேண்டும்

திருவண்ணாமலை
16.4.1978

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு,

நானும் உன் அண்ணியும் உடம்பால் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

தருமனின் காரியம் முடிந்து பிப்ரவரியில் நான் கிளம்பிய அன்று குண்டக்கல் ரயிலடியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அண்ணா, உங்க ஊர்ல பேனா நிப்பு சரி பண்ற ஆள் யாராவது இருக்காங்களா? நம்பிக் குடுக்கற மாதிரி ஆளா இருக்கணும்." கேட்டுவிட்டு, அவனுடைய கறுப்புப் பேனாவைக் கைக்குட்டையில் சுற்றி என் சட்டைப் பையில் வைத்தாய். மகனைப் பறிகொடுத்துப் பதினாறு நாள்தான் ஆகிறது, இவள் பேனாவைப் பற்றிக் கேட்கிறாளே என்று நினைத்தேன். ரயில் காட்பாடி வந்த பிறகுதான் புரிந்தது. வேறு எதைப் பற்றியும் உன்னால் கேட்க முடிந்திருக்காது.

இந்த மாதம்தான் தேடத் தொடங்கினேன். முதலில் தேரடித் தெருவில் ஒரு பேனாக் கடை. கடைக்காரர் பேனாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நிப்பு தேஞ்சி போச்சு சார். புதுசு போட்டுடலாம், அஞ்சு நிமிஷம்."

"இந்த நிப்புதான் வேணும்பா."

"பழசு மேல அவ்ளோ பாசமா? பேனா என்ன கட்டுன பொண்டாட்டியா சார், மாத்தக் கூடாதுன்றதுக்கு?"

பேனாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். அவர் உப்புத்தாளை எடுத்துவிட்டார். "ரெண்டு இழுப்பு இழுத்தா வழவழன்னு ஆயிடும்" என்றார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். பல் வலிக்கு முடிவெட்டுகிறவரிடம் போனால் பல் போகும், வலி போகாது.

எந்த வைத்தியரும் முதலில் என்ன செய்கிறது என்றுதான் கேட்பார். உனக்கு அந்தப் பேனா எப்படி எழுதுகிறது? விவரமாக எழுது.

அண்ணன்
சின்னசாமி

*

குண்டக்கல்
27.4.1978

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் கஸ்தூரியின் வணக்கம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் மாப்பிள்ளைக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது, மற்றபடி சுகம். சாப்பிடுகிறோம் அண்ணா.

பேனா என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். கீறுகிறது. "அ" என்று எழுதத் தொடங்கினால் சுழிக்குள் போகாமல் தாளைக் கிழிக்கிறது. ஒரு கோடு இழுத்தால் மை வருகிறது, அடுத்த கோட்டுக்கு நின்றுபோகிறது. ஹூப்ளி ஆபீஸில் அவனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் சாமான்களைக் கொடுக்க வந்தபோது சொன்னார், "தருமன் எழுதினா சத்தமே கேக்காதும்மா, எண்ணெய் மாதிரி ஓடும்" என்று. பதினான்கு வருஷம் எனக்கு வாரா வாரம் கடிதம் எழுதிய பேனா. நான் தொட்டால் மட்டும் கீறுகிறது.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அவன் என் மேல் கோபத்தோடு போய்விட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஏழு வயதில் அவனை உங்கள் வீட்டில் விட்டேன். விட்டு வந்த ஆனி மாதத்திலிருந்து பொங்கல் வரை எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நான்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தேன், அவனுக்கு எழுதத் தெரியும். பொங்கலுக்கு வந்த முதல் கார்டின் நான்கு வரியில் "நலம், நலமா" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தக் கோபம் பிறகு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இந்தப் பேனாவைத் தொட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

பைத்தியம் என்று அவர் திட்டுகிறார். இருக்கட்டும். நிப்பை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

கஸ்தூரி

*

திருவண்ணாமலை
21.5.1978

அன்புத் தங்கைக்கு,

அண்ணிக்கு முழங்கால் வலி கொஞ்சம் ஜாஸ்தி. நான் வழக்கம் போல். மாப்பிள்ளையின் காதுக்கு எண்ணெய் எதுவும் விடாதே, டாக்டரிடம் காட்டு.

நிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நல்ல செருப்புத் தைப்பவரைத் தெரிய வேண்டுமானால் தபால்காரரைக் கேட்க வேண்டும். அதுபோல், எழுதிப் பிழைப்பவர்களைக் கேட்போம் என்று பத்திர ஆபீஸுக்குப் போனேன். அங்கே சக்கரவர்த்தி என்று ஒரு பத்திர எழுத்தர், நாள் முழுதும் முத்திரைத்தாளில் எழுதுகிறவர். என் பேச்சைக் கேட்டதும் தன் பேனாவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சார், பேர சொல்றேன். ஆனா ஊரெல்லாம் சொல்லிடாதீங்க. கூட்டம் ஜாஸ்தியாச்சுன்னா அந்தாளு தொழிலையே வுட்டுடுவாரு."

அடி அண்ணாமலையில் காசி என்று ஒருவராம். இருபது வருஷம் மெட்ராஸில் பேனாப் பட்டறையில் நிப்பு மட்டுமே பார்த்தவர். இப்போது ஊரோடு வந்து பயிர் வைக்கிறார். இந்த மாதம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்குகிற வேலை. மண் வேலை செய்து கை காய்த்திருக்கும்போது நிப்பைத் தொட மாட்டாராம். அதைக் கேட்டதும் இவர்தான் நம் ஆள் என்று முடிவு செய்தேன். ஆனி பிறந்ததும் போகிறேன்.

பிள்ளைகள் கோபத்தை நெடுநாள் வைத்திருப்பதில்லை. முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் பார்த்தவன் சொல்கிறேன். வீணாக மனதை வருத்திக்கொள்ளாதே.

அண்ணன்
சின்னசாமி

*

குண்டக்கல்
9.6.1978

அண்ணா,

இருவரும் நலம். அண்ணியின் காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுங்கள்.

நீங்கள் சொன்னது ஆறுதலாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நாள் கேட்கப் பயம். அந்த ஆறு மாதம் அவன் உங்கள் வீட்டில் என்னைப் பற்றி என்ன சொன்னான்? "பையன் விளையாட்டு மும்முரத்தில் இருக்கிறான், அதனால்தான் எழுதவில்லை" என்று அப்போது நீங்கள் எழுதினீர்கள். என் மனம் நோகக் கூடாது என்று அப்படி எழுதினீர்களோ என்று இப்போது தோன்றுகிறது. அவன் என்னைத் திட்டியிருந்தாலும் சொல்லுங்கள். தெரிந்துகொண்டால் போதும்.

கஸ்தூரி

*

திருவண்ணாமலை
4.7.1978

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் சுகம். இரண்டு நாள் நல்ல மழை.

காசியைப் பார்த்தேன். அவரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பேனாவை மட்டும் கொடுத்தால் வாங்க மாட்டார். எழுதுகிற கை வர வேண்டும் என்பார். அவர் முன்னால் உட்கார்ந்து மூன்று வரி எழுத வேண்டும். முதல் வரி நம் பெயர். இரண்டாவது தகப்பனார் பெயர். மூன்றாவது, நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது. முதல் இரண்டு வரியில் கை ஜாக்கிரதையாக இருக்குமாம், சாப்பாட்டை நினைக்கும்போதுதான் கை தன் பழக்கத்துக்கு வருமாம். பரீட்சையில் பையன்களைப் பார்த்தவன் நான், அது சரிதான்.

நான் எழுதிக் காட்டினேன். சில சந்தேகங்கள் சொன்னார். இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார். நிப்பு பத்திரமாக இருக்கிறது.

தலைவலி. பிறகு எழுதுகிறேன்.

சின்னசாமி

*

குண்டக்கல்
20.7.1978

அண்ணா,

உங்கள் தலைவலி தேவலையா?

காசி என்ன சந்தேகம் சொன்னார்? நிப்பு உடைந்திருக்கிறதா? நான் அழுத்தி எழுதிக் கெடுத்துவிட்டேனா? என்னவானாலும் எழுதுங்கள்.

நான் கேட்டிருந்ததற்கும் நீங்கள் பதில் எழுதவில்லை.

கஸ்தூரி

*

திருவண்ணாமலை
11.9.1978

கஸ்தூரிக்கு அண்ணி ராஜம்மாள் எழுதும் கார்டு.

உன் அண்ணனுக்குக் காய்ச்சலோ நோயோ இல்லை, பயப்படாதே. நீ எழுதிய இரண்டு கார்டும் வந்து சேர்ந்தன. பதில் எழுதத் தாளை எடுத்து வைக்கிறார், மடித்து வைக்கிறார். நேற்று, "சொல்லித் தொலைங்களேன், பெத்தவகிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லப் போறீங்க" என்று சண்டை போட்டேன். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அவர் வாய். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ராஜம்மாள்

*

திருவண்ணாமலை
22.10.1978

கஸ்தூரி,

உன் உடம்பைப் பற்றிக் கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இன்று அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இதைக் கையில் வேலை எதுவும் இல்லாதபோது, உட்கார்ந்து படி.

ஜூலையில் காசியின் வீட்டில் நடந்ததை நான் முழுதாக எழுதவில்லை. "யார் பேனா சார்?" என்று அவர் கேட்டபோது, "என்னுடையதுதான்" என்று சொன்னேன். இறந்தவன் பேனா என்றால் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயம். மூன்று வரி எழுதினேன். மூன்றாவது வரியில் "கேழ்வரகுக் களி" என்று எழுதும்போது தாள் கிழிந்தது. காசி சிரித்தார்.

"சார், வாத்தியாரே பொய் சொல்லலாமா? இது உங்க பேனா இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு நிப்பை வெளிச்சத்தில் திருப்பினார். "மூக்கு எந்தப் பக்கம் தேஞ்சிருக்குது பாருங்க. வலது கைக்காரரு நிப்ப இழுத்துகினு போவாரு. இவரு தள்ளிகினு போயிருக்காரு. பத்துப் பதினஞ்சு வருஷம் ஒரே கை தள்ளியிருக்குது. இடது கை சார்."

"இருக்காது" என்றேன். அவர் பேனாவைத் தன் இடது கைக்கு மாற்றி, நான் கிழித்த தாளிலேயே சுழி சுழியாக இழுத்தார். ஒரு சத்தம் இல்லை கஸ்தூரி. எண்ணெய் மாதிரி ஓடியது.

"இதுல பழுதே இல்ல. இடத்து மாட்டக் கொண்டாந்து வலத்துல பூட்டிட்டு, நடக்க மாட்டேங்குதுன்னா மாடு என்னா பண்ணும்? வலது கைக்கு வேணும்னா கல்லுல பத்து நிமிஷம் தேய்க்கணும், அவ்ளோதான். ஆனா தேய்ச்சிட்டா இந்த நெளிவு திரும்ப வராது. சொந்தக்காரர ஒரு வார்த்தை கேட்டுகினு வாங்க."

"அவர் ஊரில் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவன் பிறவியில் இடது கைக்காரன் என்பது உனக்குத் தெரியும். நான் அதை மாற்றினேன் என்பதும் தெரியும். முதல் கோடை விடுமுறையில் அவன் வலது கையால் சாப்பிட்டதைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டாய். எப்படி மாற்றினேன் என்பது உனக்குத் தெரியாது.

பையன்களை அடிக்காத வாத்தியார் என்று எனக்கு இந்த ஊரில் பெயர். உண்மைதான், நான் தருமனை அடிக்கவில்லை. எழுதும் நேரத்தில் அவனுடைய இடது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். மெத்தென்ற துண்டு, வலிக்காது. "புள்ள கையைக் கட்டாதீங்க, பாவம்" என்று உன் அண்ணி சொன்னாள். வளைந்த முருங்கைக்கும் முட்டுக்கொடுத்தால் நிமிரும் என்று அவளுக்கு உதாரணம் சொன்னேன். என்னிடம் எப்போதும் ஒரு உதாரணம் இருக்கும்.

அவன் உனக்கு எழுதினான் கஸ்தூரி. வந்த வாரமே எழுதினான். எழுதியது இடது கையால். "வலது கையால எழுதினாதான் தபால்ல போடுவேன்" என்று சொல்லிவிட்டேன். இதைவிடச் சீக்கிரம் பழக வழி இல்லை என்று நினைத்தேன். ஆசை இருக்கிற இடத்தில்தான் பாடம் ஏறும் என்பது நான் கண்ட முறை. வலது கையால் முயன்றான். கோணலாக வந்ததை அவனே கிழித்துப் போட்டான். மறுபடி இடது கையால் எழுதி, "இந்த ஒரு வாட்டி மட்டும் போடு மாமா" என்று கொண்டுவந்து நிற்பான். நான் வாங்கி வைத்துக்கொள்வேன். போடவில்லை. ஏழோ எட்டோ கடிதம் இருக்கும். பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிட்டேன். ஒன்றுகூட இல்லை. எல்லாப் பெட்டியிலும் தேடிவிட்டேன்.

ஒன்றில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. "அம்மா, இங்கே மலை ரொம்பப் பெரிசு. நீ வந்தால் காட்டுகிறேன். எப்போ வருவே."

பொங்கல் கார்டில் நான்கே வரி இருந்ததை நீ கோபம் என்று நினைத்தாய். அந்த நான்கு வரியை எழுத அவனுக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரை ஆயிற்று. அந்த ஆறு மாதத்தில் உன்னைப் பற்றி என்ன சொன்னான் என்று கேட்டாய். தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்குப் போவான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

காசியின் வீட்டிலிருந்து திரும்பும்போது எனக்கு இன்னொன்று விளங்கியது. பெரியவனான பிறகு அவன் இங்கே வந்து தங்கும்போதெல்லாம், விலாசமோ வேறெதுவோ எழுத வேண்டி வந்தால், "உங்க பேனாவைக் குடுங்க மாமா" என்பான். அவன் சட்டைப் பையில் இந்தக் கறுப்புப் பேனா இருக்கும். அதைத் தொடாமல் என் பேனாவை வாங்கி வலது கையால் மெதுவாக எழுதிக் கொடுப்பான். மாமன் என்ற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வயதிலும் என் முன்னால் அவன் கை கட்டியே இருந்திருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. அதையும் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் மறுபடி காசியிடம் போனேன். "சொந்தக்காரர் சரின்னுட்டார், தேய்ச்சிடுங்க" என்றேன். தேய்த்துவிட்டால் பேனா உனக்கு எழுதும், உன் மனம் ஆறும், நான் செய்தது யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் போனேன். அவர் கல்லை எடுத்து வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். நிப்பைக் கல்லின் மேல் வைத்தபோது என் கை தானாகக் குறுக்கே போய்விட்டது. அவனுடைய கையில் மிச்சம் இருப்பது அந்தத் தேய்மானம் ஒன்றுதான். காசி என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொந்தக்காரர் போயிட்டாரா சார்?" என்று மட்டும் கேட்டார். பேனாவைத் துடைத்து மூடிக் கொடுத்துவிட்டார்.

அது எப்படி வந்ததோ அப்படியே இன்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் மேல் கோபம் உள்ள பேனா அல்ல அது. இடது கையில் பிடித்துப் பார், தெரியும். அவனை உன்னிடம் பேசவிடாமல் செய்தது நான்.

சின்னசாமி

*

திருவண்ணாமலை
29.1.1979

அன்புத் தங்கைக்கு,

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை உன் கையெழுத்தோடு நவம்பரில் வந்துவிட்டது. ஆகவே பார்சலும் கடிதமும் சேர்ந்தன என்று தெரியும். பதில் கேட்டு எழுதவில்லை.

நேற்று தருமன் போய் ஒரு வருஷம். அங்கே திதி கொடுத்திருப்பீர்கள். நான் வரலாமா என்று கேட்க வாய் வரவில்லை. இங்கேயே உன் அண்ணி ஒரு படி அரிசி வடித்துக் கோயில் வாசலில் போட்டாள். நான் கூடப் போய் நின்றேன்.

உன் உடம்பையும் மாப்பிள்ளை உடம்பையும் பார்த்துக்கொள்.

சின்னசாமி

*

குண்டக்கல்
18.3.1979

அண்ணாவுக்கு,

அண்ணியின் கால் எப்படி இருக்கிறது? இங்கே உங்கள் மாப்பிள்ளைக்குக் காதில் கருவி வைத்திருக்கிறோம்.

எழுத்து கோணலாக இருக்கும். இது இடது கை. நவம்பரிலிருந்து பழகுகிறேன். இந்தப் பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. பேனா கீறவில்லை. எழுத்துத்தான் வரவில்லை, மை நிற்காமல் வருகிறது. அவன் என் மேல் கோபமாக இல்லை. அது தெரிந்துவிட்டது.

மலையைப் பற்றி அவன் எழுதியதை நீங்கள் நினைவு வைத்திருந்தீர்கள். அந்த வரி என்னிடம் வந்து சேர இருபத்தாறு வருஷம் ஆயிற்று. மற்றக் கடிதங்களில் என்ன இருந்ததோ. தினமும் யோசிக்கிறேன்.

அவன் வலது கையால் சாப்பிட்டதைப் பார்த்து உங்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். அது உங்களிடம் இருந்தால் கிழித்துவிடுங்கள். அவனும் அந்த நன்றியைப் பார்த்திருப்பான் அல்லவா? அதனால்தான் இடது கையால் எழுதுவதை என்னிடமும் கடைசிவரை மறைத்திருக்கிறான்.

அதற்காக உங்கள் மேல் உள்ள கோபம் குறையவில்லை. ராத்திரி பகல் என்று இல்லாமல் வருகிறது. அது போய்விடும் என்று பொய் எழுத எனக்கு வரவில்லை. ஆனால் எனக்கு அண்ணன் ஒருவர்தான்.

வலது கையால் விலாசம் எழுதிய கடிதம் வந்தால் இனிமேல் பிரிக்க மாட்டேன். பிரிக்காமல் வைத்திருப்பேன், எடைக்குப் போட மாட்டேன். ஒரு கார்டு வாங்குங்கள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் அவன் பெயரை எழுதிப் பாருங்கள்.

கஸ்தூரி